எடை இறங்காத தோள்

என்னை முதலில் ஏமாற்றியது என் இடது காதுதான். மற்றவர்கள் பிறகு வந்தார்கள்.

தை மாதம் அது. சளியும் லேசான காய்ச்சலும் வந்து போயிருந்தன. பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போடுவது என் தொழில். கரையில் வர வேண்டிய மயிலையோ கோபுரத்தையோ கட்டம் போட்ட தாளில் வரைந்து, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றி, அதைத் தறிக்கான துளை அட்டையாக அடிப்பவரிடம் கொடுப்பேன். ஒரு கட்டம் தவறினால் மயிலின் கழுத்து ஒடிந்துவிடும். ஆகவே முதல் வரைவை எப்போதும் காலை வெளிச்சத்தில், தாளில்தான் செய்வேன். அன்றும் பல் துலக்கிவிட்டு மேசையில் உட்கார்ந்தேன். பென்சிலை எடுத்தேன். கட்டங்கள் எல்லாம் வலது பக்கமாக ஓட ஆரம்பித்தன.

தாளைக் கையால் அழுத்திப் பிடித்தேன், அதுதான் ஓடுகிறது என்று நினைத்து. பிறகு மேசை ஓடியது, சுவர் ஓடியது. எழுந்து நின்றவன் இடது பக்கமாகச் சாய்ந்து அலமாரியோடு விழுந்தேன். மனைவி ஓடி வந்தபோது வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினாலும் சுற்றியது. என் கைக்கு அடியில் தரை ஆடாமல் கிடந்தது, ஆனால் தலைக்குள் யாரோ என்னை ஆட்டுக்கல்லில் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் என் கண்களை வெகுநேரம் பார்த்தார். கண்மணிகள் தாமாகத் துள்ளிக்கொண்டிருந்தனவாம். பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்த பின் விளக்கினார். எதையும் முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் நான் எழுந்து போகமாட்டேன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"கொத்தனார் வச்சிருக்கிற ரசமட்டம் பாத்திருக்கீங்களா?" என்றார்.

என்னிடமே ஒன்று இருக்கிறது என்றேன்.

"காதுக்குள்ள அந்த மாதிரி தண்ணி இருக்கிற குழாய்ங்க இருக்கு. ரெண்டு காதுலயும். தலை திரும்பினா தண்ணி நகரும், மூளைக்குச் செய்தி போகும். சும்மா இருக்கும்போதும் ரெண்டு பக்கமும் ஒரே அளவா செய்தி போய்க்கிட்டே இருக்கும். ரெண்டும் சமம்னா, ஆள் அசையாம இருக்கான்னு மூளை எடுத்துக்கும். உங்களுக்கு இடது பக்க நரம்பு வீங்கி வாயடைச்சுப் போச்சு. வலது பக்கம் மட்டும் பேசுது. அதனால நீங்க வலது பக்கம் சுத்திக்கிட்டே இருக்கீங்கன்னு மூளை நம்புது."

அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு காது மௌனமானதை மூளை மௌனம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. மற்றக் காது சொன்னதை அப்படியே நம்பிவிட்டது. நம்பிக்கையான ஒருவன் வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பது அப்போதே எனக்குச் சொல்லப்பட்டது. நான்தான் அதைக் காதைப் பற்றிய செய்தியாக மட்டும் கேட்டுக்கொண்டேன்.

தலைசுற்றலை அடக்கும் மாத்திரையைச் சில நாட்கள் மட்டும் போடச் சொன்னார். அதற்கு மேல் போட்டால் மூளை சோம்பேறியாகிவிடும் என்றார். இறந்த பக்கம் திரும்ப உயிர் பெறலாம், பெறாமலும் போகலாம். ஆனால் மூளை புதுக் கணக்குப் போட்டுக்கொள்ளும். கண்ணையும் பாதத்தையும் கழுத்தையும் கேட்டு, இருக்கிற ஒரு காதின் பேச்சைத் திருத்திக் கேட்கப் பழகும். அதற்கு ஆள் அசைய வேண்டும், தலை சுற்ற வேண்டும்.

முதல் வாரங்கள் கேவலமாக இருந்தன. எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். வீட்டிலிருந்து வீடு வரை பட்டு இழைகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டி நீளமாக விறைத்து நிற்கும். பிறந்ததிலிருந்து பார்த்தது. இப்போது அதன் ஓரமாக நடந்தால், கோடுகள் நகர்ந்து வயிற்றைப் புரட்டின. கட்டத் தாளும் அப்படியே. என் வயிற்றுப் பிழைப்பு முழுக்கக் கோடுகளும் கட்டங்களும். கம்ப்யூட்டரில் டிசைனை மேலும் கீழும் உருட்டினால் வாந்தி வந்தது. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு பாவு ஓரமாகப் போகையில், இழைக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்:

"இன்னாண்ணே, விடியறதுக்குள்ள கடைய தொறந்துட்டானா?"

மனைவி திரும்பி, "உனக்கு நேத்து ராத்திரி ஊத்தினது இன்னும் எறங்கலியா? பாவ பாத்து தடவு, இழ அறுந்துக்கினு இருக்குது" என்றாள். தெருவே சிரித்தது. அன்று அவள் என் பக்கம் நின்றாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் கிடைத்தாள். செவிலிமேட்டில் புதிதாகக் கட்டிய வீட்டின் கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் பிசியோதெரபிஸ்ட். சுவரில் ஒரு எழுத்தை ஒட்டி, கண்ணை அதன் மேல் வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமும் திருப்பச் சொன்னாள். எழுத்து கலங்கியது. கலங்கட்டும் என்றாள். தலையணை மேல் நிற்க வைத்தாள், பிறகு கண்ணை மூடி நிற்க வைத்தாள். நான் இடது பக்கம் சாய்ந்தேன், தவறாமல்.

"சாயறதுதான் சார் பாடம்," என்றாள். "தப்பு பண்ணினாத்தான் எவ்ளோ தப்புன்னு மூளைக்குத் தெரியும். தெரிஞ்சாத்தான் திருத்தும். பக்கத்துல ஆளு நிக்கலாம். ஆனா விழறதுக்கு முன்னாடியே வந்து புடிச்சிட்டா மூளை கத்துக்காது." இதை அவள் என் மனைவியைப் பார்த்துச் சொன்னாள். மனைவி தலையாட்டினாள்.

நான் பிசியோதெரபிஸ்டிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பங்குனி உத்திரத்துக்குள் தண்டுக்கு அடியில் நிற்க முடியுமா?

அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். எங்கள் தெருவில் ஒரு சிறிய சுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. உற்சவரை மயில் வாகனத்தில் ஏற்றித் தெரு சுற்றி வருவோம். கூலிக்கு ஆள் வைப்பதில்லை. தெருவில் தறி வைத்திருக்கிற, தறி சார்ந்த வேலை செய்கிற ஆண்கள்தாம் தூக்குவோம். வாகனத்துக்கு இரண்டு நீளத் தண்டுகள். இடது தண்டில் முதல் ஆள் நான். வலது தண்டில் முதல் ஆள் என் மனைவியின் தம்பி. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அப்படித்தான். இருவர் தோளும் ஒரே உயரம். திருமணப் பேச்சின்போது பொருத்தம் பார்த்ததே எங்கள் இருவருக்கும்தான் என்று மனைவி சொல்லிக் காட்டுவாள்.

தூக்குவது பலம் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. நாகஸ்வரத்துக்கு ஏற்ப ஆடி ஆடி நடக்க வேண்டும். ஆடுகிறபோதும் சுவாமி ஆடக் கூடாது. அதற்கு எல்லாத் தோள்களும் ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். ஒருவன் குட்டையானால் அவன் தோளுக்கு எடை வராது, பக்கத்தில் இருப்பவன் செத்துப்போவான். ஆகவே உற்சவத்துக்கு முன் ஒவ்வொருவரும் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத் தூணில் சாய்ந்து நிற்க வேண்டும். தோள் உயரத்துக்குக் கரியால் ஒரு கோடு. வயதாக ஆகத் தோள் இறங்கும், அதனால் வருஷா வருஷம் புதுக் கோடு. கோடுகளைப் பார்த்துத்தான் யாருக்குப் பின்னால் யார் என்று வரிசை வைப்போம். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டு பல வருஷம் ஆகிறது. ரசமட்டம் வாங்கியதே அதற்குத்தான்.

"எனக்கு அந்த இடம் வேணும்மா," என்றேன்.

அவள் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பாலாற்று மணலில் நடக்கச் சொன்னாள்.

தினமும் போனேன். பாலத்துக்குக் கீழே ஆறு என்பது பெரும்பாலும் மணல். மனைவி கரையில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதலில் நேராகப் போவதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தால் என் காலடித் தடம் இடது பக்கம் வளைந்து கிடக்கும். என் உடம்பு எனக்குச் சொல்வது பொய் என்று தடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு ஒரு பழக்கம் வந்தது. உள்ளே என்ன தோன்றுகிறதோ அதை நம்பாதே, வெளியே ஒரு புள்ளியைக் கண்ணால் பிடித்துக்கொள். இந்தப் பழக்கம்தான் என்னை எழுப்பி நடக்க வைத்தது. மாசி போனபோது தடம் நேரானது. பாவு ஓரமாகத் தனியாக நடந்தேன். கட்டங்கள் கட்டங்களாகவே நின்றன.

கோடு போடுகிற நாளில் ரசமட்டத்தோடு மண்டபத்துக்குப் போனேன். மச்சான் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"மாமா, இந்த வருஷம் நீ குனிஞ்சி நிமிர வேணாம். தல சுத்தும். நான் போடறன் கோடு."

"உனக்கு மட்டம் பாக்கத் தெரியுமா?"

"எத்தினி வருஷமா உன் பின்னாடி வெளக்கு புடிச்சிக்கினு நின்னிருக்கன்? அதுகூடவா தெரியாது?"

சரி என்றேன். கொஞ்சம் நெகிழ்ந்தும் போனேன். இன்னொன்றும் சொன்னான். முதல் ஆளாக நின்றால் ஆரத்தி வெளிச்சமும் வெயிலும் நேராகக் கண்ணில் அடிக்கும், கண்தானே உனக்கு இப்போது முக்கியம், அதனால் இரண்டாவதாக நில் என்றான். அதுவும் நியாயமாகப் பட்டது. என் காதைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறானே என்று நினைத்தேன்.

உத்திரத்தன்று காலைப் புறப்பாடு. எனக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். தண்டு தோளுக்கு வந்தபோது நான் செய்தது ஒன்றே: எனக்கு முன்னால் நின்றவரின் கழுத்தில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றின் முடிச்சைக் கண்ணால் பிடித்துக்கொண்டேன். வேறெங்கும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பவில்லை. மேளம் ஆரம்பித்தது. நடந்தோம்.

எடையே இல்லை.

தண்டு துண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கையால் பிடித்திருந்தேன். ஆனால் வருஷா வருஷம் தோள் எலும்பில் இறங்குகிற அந்த அழுத்தம் இல்லை. 'இல்லை' என்று தோள் தெளிவாகச் சொன்னது. நான் என்ன நினைத்தேன்? இரண்டு மாதமாக உடம்பு சொன்னதெல்லாம் பொய்யாக இருந்ததல்லவா, இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். அல்லது மூளை முழுதாகக் கற்றுவிட்டது, பயத்தோடு தூக்கியவன் இப்போது பயம் போய்த் தூக்குகிறேன், அதனால் இலேசாக இருக்கிறது. அல்லது சுவாமியே. எனக்கு வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், அழுதேன். தெரு இடது பக்கம் திரும்புகிற முனையில் கால் கொஞ்சம் அகன்றது, தண்டைப் பிடித்து நின்றுகொண்டேன். எங்கள் வீட்டு வாசலில் மனைவி தேங்காய்த் தட்டோடு நின்றிருந்தாள். அவள் சுவாமியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கண் ஓரத்தில் பார்த்தேன். பார்த்ததை வைத்துக்கொண்டு எதுவும் செய்யவில்லை.

மண்டபத்துக்குத் திரும்பியதும் ஒருவர் தோளை ஒருவர் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்துவிடுவது எங்கள் வழக்கம். ஜோடிக்கு ஜோடி. மச்சான் என் துண்டை எடுத்துவிட்டு வலது தோளில் எண்ணெய் வைத்தான். வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தான்.

"எரியுதா மாமா?"

"இல்லப்பா. கொஞ்சம்கூட இல்ல."

"எரியாது. நான் தேச்சா எரியுமா?"

வலது தண்டுக்காரர்கள் எல்லோரும் துண்டை இரட்டையாக மடித்துப் போட்டிருந்ததை அப்போது பார்த்தேன். இந்த வருஷம் எல்லோருக்கும் தோள் நோகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பல வருஷமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அன்றைக்கு 'குணமாகிவிட்டேன்' என்று எழுதினேன்.

மறுநாள் டீக்கடையில், தண்டில் எனக்குப் பின்னால் நின்றவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"இன்னாண்ணே, டவுன் பஸ்ஸுல கம்பிய புடிச்சிக்கினு வர்றா மாதிரி சோக்கா வந்துட்ட!"

இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது ஆள் அவர் முழங்கையை இடித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நானும் சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். கடையைத் தாண்டிப் பத்தடி வந்த பிறகுதான் அந்த முழங்கை இடித்தது எனக்குள் வேலை செய்தது.

நேராக மண்டபத்துக்குப் போனேன். தூணில் சாய்ந்து நின்று, என் கோட்டைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பிறகு எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்ற இருவரின் கோடுகளைப் பார்த்தேன். இரண்டும் என் கோட்டுக்கு மேலே, இரண்டு விரல் இடைவெளியில், ஒரே மட்டத்தில். அவன் மட்டம் பார்க்கக் கற்றிருந்தான். நேரான ஒரு தண்டு இரண்டு உயரமான தோள்கள் மேல் போனால் நடுவில் நிற்கிற குட்டையான தோள் மேல் எதுவும் இறங்காது. இடது பக்கம் உயர்ந்துவிடுமே, அதற்குத்தான் வலது பக்கத்தில் எல்லோருக்கும் இரட்டைத் துண்டு. ஒருவர் விடாமல் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான். மடிக்கச் சொன்னால் காரணம் கேட்டிருப்பார்கள். காரணம் சொல்லியிருப்பான். சுவாமியைத் தெரு சுற்றித் தூக்கி வந்தார்கள், என்னையும் சேர்த்து. குருக்களிடமிருந்து விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நான் வீட்டுக்குப் போனதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டில் மனைவி புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னை நடுவுல நிக்க வச்சது யாரு யோசனை?"

அவள் 'என்ன நடுவுல' என்று கேட்கவில்லை. புளியிலிருந்து கையை மட்டும் எடுத்தாள்.

"யாரு சொன்னது உங்களுக்கு?"

"தூணு சொல்லிச்சு."

"நான்தாங்க சொன்னேன். தம்பி மேல கோவப்படாதீங்க. ஆத்துல உங்க தடத்த தெனம் நானும்தான பாத்துக்கினு இருந்தேன். திரும்பும்போது எல்லாம் இடது பக்கம் சாயறீங்க. தெரு முனையில சாமிய கீழ போட்டா இன்னா ஆவும்? அத்தினி பேரும் ஆயுசுக்கும் உங்களத்தான் பேசுவாங்க. அத்த நான் கேட்டுக்கினு இருக்க முடியுமா?"

"தூக்க வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேப்பீங்களா? சின்னப் புள்ள மாதிரி உத்திரம், உத்திரம்னு அதையே சொல்லிக்கினு இருந்தீங்க. அந்த மூஞ்சிய பாத்துக்கினு எப்டி சொல்றது?"

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சுவாமி விழுந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை. நீ தூக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், சாப்பிடாமல் படுத்திருப்பேன், பிறகு ஓரமாக நின்று கும்பிட்டிருப்பேன். அந்தச் சண்டையைப் போடுவதற்குக்கூட நான் லாயக்கில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மச்சான் தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தான். நான் வந்ததைப் பார்த்தும் பாவுக்கு ஊடே ஓடிய நாடாக் கட்டையை நிறுத்தவில்லை.

"அக்கா போன் பண்ணிச்சு," என்றான்.

"நிறுத்துப்பா."

நிறுத்தினான்.

"மாமா, யாரும் உன்ன ஏமாத்தல."

"பின்ன அதுக்கு இன்னா பேரு?"

"அன்னிக்கு நீ சந்தோஷமா இருந்தியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"இருந்தேன்."

"அவ்ளோதான். அதுக்கோசரம்தான் உனக்கு முன்னாடி பின்னாடி நின்ன ரெண்டு பேரு தோளு புண்ணா போச்சு. உன் எடையும் சேத்து தூக்கினாங்கல்ல? ஒரு வார்த்த சொன்னாங்களா?"

"டீக்கடையில சொன்னாங்க."

அவன் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி, பின்னால் நின்றவரின் வாயைத் திட்டினான். திட்டியது உண்மையான கோபம். ரகசியம் உடைந்ததற்கான கோபம் அது. எனக்காக அல்ல.

சந்தோஷமாக இருந்தாயா என்று கேட்டானே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. என் தோளிலிருந்து எடையை அவன் எடுத்துவிட்டதற்கு நான் வருந்தவில்லை. நான் அழுததை அவன் பக்கவாட்டில் பார்த்திருப்பான். பார்த்துக்கொண்டே நடந்திருப்பான்.

பிசியோதெரபிஸ்டிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. சொன்னாள்:

"அன்னிக்கு உங்க தோள் சரியாத்தான் சொல்லியிருக்கு சார். நீங்கதான் நம்பல."

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அதையே நினைத்தேன். இரண்டு மாதம் பாடுபட்டு நான் கற்றது, உடம்பின் பேச்சைச் சந்தேகிப்பதை. சந்தேகிக்க வேண்டிய இடம் வெளியே இருந்தது. காது எனக்குப் பொய் சொன்னது என்றால் அது நோயால். நரம்பு வீங்கியது, செய்தி நின்றது, அதற்கு வேறு வழியில்லை. அது தெரிந்துகொண்டே என்னை வலது பக்கம் சுற்ற வைக்கவில்லை.

சித்திரையில் ஒருநாள் தெருக்காரர்கள் கூடியபோது எழுந்து கேட்டேன். வைகாசி விசாகத்துக்கு முன் வாகனத்தை ஒரு வெள்ளோட்டம் விட வேண்டும். சுவாமிக்குப் பதில் மணல் மூட்டை. இடது தண்டில் முதல் ஆள் நான். கோடு நான் போடுவேன்.

பலர் தரையைப் பார்த்தார்கள். மச்சான் மட்டும், "இது வீண் வேல மாமா, மூட்ட கீழ விழுந்தா உன் காலு போயிடும்" என்றான்.

"என் காலுதானே."

"அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

"இத்தினி நாளா நீதான சொல்லிக்கினு இருந்த. இதுக்கும் சொல்லு."

கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். குற்ற உணர்ச்சியால் ஒத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று காலை ரசமட்டத்தை வைத்து நானே எல்லோருக்கும் கோடு போட்டேன். டீக்கடையில் கேலி செய்தவரைத் தூணில் நிறுத்தியபோது குதிகாலை உயர்த்துகிறாரா என்று குனிந்து பார்த்தேன். தலை சுற்றவில்லை. மயிலின் முதுகில் மூன்று மணல் மூட்டைகளைக் கட்டினோம். மேளம் இல்லை. தண்டுக்கு அடியில் போனேன்.

எடை இறங்கியது. தோள் எலும்பில், கழுத்து நரம்பில், இடுப்பில், கடைசியாகக் குதிகாலில். அப்படி இறங்கியதும் உத்திரத்தன்று நடந்தது எவ்வளவு பெரிய பொய் என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது. இதையா நான் மறந்திருந்தேன் என்று இருந்தது.

தெருவில் நேராகப் போனவரை ஒன்றும் இல்லை. ஆடிக்கூட நடந்தோம். இடது முனை வந்தது. முதல் ஆளாக இருப்பதால் நான்தான் தலையை முதலில் திருப்ப வேண்டும். திருப்பினேன். தலை இடது பக்கம் போனது, தெரு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. அந்தத் தாமதத்தில் கால் இடது பக்கம் விலகியது. தோள் தண்டை விட்டு நழுவியது. வாகனம் சாய்ந்தது. மேலிருந்த மூட்டை கயிற்றிலிருந்து உருவிக்கொண்டு விழுந்து, யாரோ வாசலில் போட்டிருந்த கோலத்தின் மேல் வெடித்தது.

மச்சான் வலது தண்டைப் பிடித்து நிறுத்திவிட்டான். வாகனம் விழவில்லை. கோலம் போட்ட பெண் வெளியே வந்து மணலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், உள்ளே போய்த் துடைப்பம் எடுத்து வந்தாள்.

"போதுமா மாமா?" என்றான் மச்சான். மூச்சு வாங்கியது அவனுக்கு. கண் சிவந்திருந்தது.

"போதும். இதத்தான் அன்னிக்கு காட்டியிருக்கணும்."

"சாமிய வச்சிக்கினா காட்டச் சொல்ற?"

"மூட்டைய வச்சிக்கினு. இன்னிக்கு காட்டினா மாதிரி. இதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

தண்டை இறக்கச் சொல்லி மற்றவர்களுக்குக் கை காட்டினான். விசாகத்துக்கு நான் தூக்கவில்லை என்று அங்கேயே சொன்னேன். சொன்னபோது வலித்தது. ஆனால் அது என்னுடைய வாயிலிருந்து வந்தது. வலது தோளில் சிவப்பாகத் தடித்திருந்தது, வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். நானே தேய்த்துக்கொள்கிறேன் என்றேன். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள்.

பிசியோதெரபிஸ்ட் புதுப் பயிற்சி கொடுத்திருக்கிறாள். தோளில் தண்ணீர்க் குடத்தோடு இடது பக்கம் திரும்ப வேண்டும். வீட்டுப் பின்கட்டில் செய்கிறேன். முதலில் பாதித் தண்ணீர் தரையில் போனது. இப்போது அவ்வளவு போவதில்லை.

விசாகத்தன்று கோடும் வரிசையும் என் பொறுப்பு. என் இடத்தில் வேறொருவர் நின்றார், சரியான உயரம். நான் இடது முனையில் சுவரோரமாக நின்று பார்த்தேன். வாகனம் மட்டமாகத் திரும்பியது. மண்டபத்துக்குத் திரும்பியதும் மச்சான் நேராக என்னிடம் வந்து, துண்டை உதறிப் போட்டுவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஜோடி இல்லாத வருஷத்திலும் அவனுக்கு நான்தான் தேய்க்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தான் போலும். எண்ணெய் எடுத்தேன். அவன் தோளில் நன்றாகப் பட்டையாகச் சிவந்திருந்தது. விரல் பட்டதும் தோளைக் குறுக்கினான்.

"ஆடிக் கிருத்திகைக்கு நீதான் முன்னாடி மாமா," என்றான், திரும்பாமல். "நெசமாத்தான் சொல்றன்."

முன்பெல்லாம் அந்த 'நெசமாத்தான்' எங்களுக்குள் தேவைப்படவில்லை. தேய்த்து முடித்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, நான் கோடு போட்டு முடித்ததும் அவன் வாங்கித் தூணடியில் வைத்திருந்த ரசமட்டத்தை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.